"அக்கறை இல்லாதவர்கள்" என்ற பேச்சு: மலைக் கம்போங் குடும்பங்களும் அவர்களின் சிறப்புக் குழந்தைகளும்

பிளஸாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறப்புக் குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் இந்த மன்றத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். பேராக்கில் உள்ள ஒரு சமூக மறுவாழ்வு மையத்துக்கு, நாம் பி.டி.கே. என்று சொல்லும் இடத்துக்கு, அவனை அழைத்துச் செல்கிறேன். மலையடிவாரத்துக் கம்போங்கிலிருந்து (கிராமத்திலிருந்து), தெமியார் என்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) இனத்துத் தாய் ஒருவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளோடு அங்கே வந்துகொண்டிருந்தார். இப்போது வருவதில்லை. "ஓராங் அஸ்லிக்காரர்களுக்கு அக்கறை கிடையாது, பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள்" என்று காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களில் நம்மவர்களே அதிகம். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைகளைப் பற்றி இதே பேச்சை நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

நான் கவனித்தவரையில் அந்தத் தாயின் அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை. மகளை இடுப்பிலிருந்து இறக்கினால் தானும் தரையில் உட்கார்ந்துகொள்வார். பயிற்சி மேசைக்கு வரச் சொன்னால், மகள் எழுந்த பிறகுதான் தானும் எழுவார். பிள்ளையின் கையைப் பிடித்து அவர் இழுத்து நான் பார்த்ததே இல்லை. மற்றவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் "வீட்டில் பயிற்சியே கொடுப்பதில்லையா?" என்று அவரிடம் உரத்த குரலில் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பூர்வகுடிக் குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள், அவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள்.

---

செம்பனைத் தோட்டம்

அக்கா, அந்தத் தாயை அப்படிக் கேட்டது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பேச்சு "அவர்கள் பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள், அதுவே போதும்" என்ற இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று அஞ்சுகிறேன்.

என் அக்காள் மகனை எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். "மெதுவான பிள்ளை, வளர வளரச் சரியாகிவிடும்" என்றார்கள். முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டினார்கள். ஒருவரும் அவனைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது பள்ளியில் சேர்த்து, ஓர் ஆசிரியை சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. பேச்சு வரவேண்டிய வயதெல்லாம் போய்விட்டது. அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் எல்லாவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு இவையெல்லாம் செய்தார்களா? மையத்துக்கு வராமல் போனால் இதை யார் பார்ப்பார்கள்? மனம் நோகாமல் பேச வேண்டும் என்பது சரி. பிள்ளையின் உடம்பு நம் மரியாதைக்காகக் காத்திருக்காது.

---

ஓய்வுபெற்ற டிரெசர்

தம்பி சொல்வது முழுக்க நியாயம். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். காது கேளாத பிள்ளைகளை "மந்தம்" என்று ஒதுக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மலைக் குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கக் கூடாது. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்கார மேனேஜர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் ஆட்சி அவசரகாலத்தைப் பிறப்பித்தது. நம் தோட்டத்து மக்களைப் பற்றிய அவசரகாலக் கதைகளை வீட்டில் கேட்டிருப்பீர்கள். காட்டில் இருந்த பூர்வகுடிகளுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் கொடுப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, அவர்களைக் காட்டிலிருந்து இறக்கி, முள்வேலி போட்ட முகாம்களில் அடைத்தார்கள். திறந்த வெளி வெயில், பழக்கமில்லாத உணவு, கூட்டத்தில் பரவிய நோய்கள். குழந்தைகளும் முதியவர்களுமாக ஏராளமானோர் இறந்தார்கள். அந்த ஏற்பாடு தவறு என்று ஆங்கிலேயர்களே பிறகு புரிந்துகொண்டு, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்து மருந்தும் பள்ளியும் கொண்டுபோனார்கள். "எங்களோடு வாருங்கள், உங்கள் நன்மைக்குத்தான்" என்று அரசாங்கம் சொன்ன சொல்லுக்கு அந்தக் குடும்பங்களில் இப்படி ஒரு நினைவு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950களில் கோலாலம்பூர் அருகே கோம்பாக்கில் பூர்வகுடிகளுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நோயாளியைத் தனியாக அனுப்பச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அங்கிருந்த மருத்துவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். ஆகவே மனைவி, பிள்ளைகள், பாட்டி என்று குடும்பமே வந்து தங்க இடம் கொடுத்தார்கள். வெளியே சமைத்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டரில் நோயாளியோடு உறவினரையும் ஏற்றி வருவார்கள். மருத்துவம் படித்தவர்கள் அந்த மக்களின் வாழ்க்கை முறைக்கு வளைந்து கொடுத்தபோது அவர்கள் வந்தார்கள். நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே நடந்த காரியம் இது.

---

லெகாப் மருமகன்

இந்த இழையை என் மனைவிக்குப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தெமியார். லாசா தாண்டி லெகாப் பக்கம் அவருடைய கம்போங். நான் கல்யாணமாகி அங்கேயும் சுங்கை சிப்புட் டவுனிலுமாக இருக்கிறேன். அவர் குடும்பத்தில் பேசாத பையன் ஒருவன் இருக்கிறான், மனைவியின் தம்பி மகன். ஆகவே வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறவன் அல்லன் நான்.

முதலில், செம்பனைத் தோட்டம் சொன்ன பயம் அவர்களுக்கும் உண்டு. என் மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனவர்தான். "ஏன் பேசவில்லை" என்று கேட்டவர்தான். ஏற்றுக்கொள்வது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்போங்கில் அப்படி யாரும் நினைப்பதில்லை. சடங்கு செய்கிறவர் அவன் தலை உச்சியில் ஊதி, சேவாங் என்ற பாட்டுச் சடங்கு இரவில் அவனுக்காகப் பாடினார். அதே வாரம் அவனை ஈப்போ மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். நாம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மருத்துவரையும் பார்ப்பதில்லையா?

பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தெமியார்களும் சரி, தெற்கே தாப்பா, பீடோர் பக்கம் இருக்கும் செமாய்களும் சரி, பிள்ளையை அடிப்பதையும் அதட்டுவதையும் விருப்பமில்லாததைச் செய்யச் சொல்லி நெருக்குவதையும் பெரிய தவறாக நினைக்கிறார்கள். பயந்துபோன பிள்ளையின் உயிர் உடம்பை விட்டு விலகும், நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஒரு தாய் எல்லார் முன்னாலும் தன் மகளை மேசைக்கு இழுத்துக்கொண்டு போவது என்பது அவர்கள் பார்வையில் பிள்ளைக்குத் தீங்கு செய்வது. அப்படிச் செய்யாத தாயை அக்கறை இல்லாதவள் என்று மையத்தில் பேசிவிட்டார்கள். இதை என் மனைவி கேட்டபோது அவர் முகத்தில் வந்த கோபத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் யாரோடும் பேசமாட்டான். கூட்டம் என்றால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் சேவாங் நடக்கும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் குழாய்களை மரக்கட்டையில் தட்டித் தாளம் போடுவார்கள். இவன் அந்த வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்து தானும் தட்டுவான். தாளம் தப்பாது. மரவள்ளித் தோட்டத்துக்குப் பாட்டியோடு போவான், ஆற்றில் வலை போடும் பையன்களோடு நிற்பான். பெரிய பெண்பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டதுபோல அவனைப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் அவர்களுக்கு முறை போட்டுக் கொடுக்கவில்லை. மதிப்பீட்டுக்குப் போனபோது கட்டையை அடுக்குகிறானா, படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறானா என்று கேட்டார்கள். அவனால் என்ன முடியும் என்று அவன் பாட்டியிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாளத்திலிருந்து பயிற்சியைத் தொடங்கியிருக்கலாம்.

இப்போது பயம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 2015 ஆகஸ்டில் கிளந்தான் குவா மூசாங் பகுதியில், போஸ் தோஹோய் பள்ளி விடுதியிலிருந்து ஏழு தெமியார்ப் பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள். ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பிறகு இரண்டு சிறுமிகள் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். பேராக் தெமியார்களுக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. அதற்குப் பிறகு, நன்றாக ஓடியாடும் பிள்ளையையே விடுதிக்கு அனுப்பத் தாய்மார்கள் தயங்குகிறார்கள். பேசவே தெரியாத பிள்ளையை "தூரத்தில் ஒரு நல்ல சிறப்புப் பள்ளி இருக்கிறது, தங்கிப் படிக்கட்டும்" என்றால் என்ன பதில் வரும்? அடித்தால்கூடச் சொல்லத் தெரியாத பிள்ளை. இந்தக் கேள்வியை என் மாமியார் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மற்ற தடைகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். மழை பெய்தால் மண்சாலையில் நான்கு சக்கர வண்டி மட்டுமே ஏறும். வாடகைக்கு வண்டி எடுத்தால் பால்மரம் (ரப்பர்) வெட்டிய பணம் அதற்கே போய்விடும், அன்றைய வேலையும் போகும். எட்டு மணிக்கே எண் எடுத்துக் காத்திருந்து, "ஏன் போன மாதம் வரவில்லை" என்ற திட்டோடு திரும்ப வேண்டும்.

என் மாமியார் கேட்பது ஒன்றே ஒன்று. சொல்லிக்கொடுக்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஓர் இரவு தங்கட்டும், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்க்கட்டும், பிறகு சொல்லட்டும், நாங்கள் செய்கிறோம் என்கிறார்.

---

வின்னிப்பெக் வாசி

நான் கமிரி தோட்டத்தில் பிறந்தவன். கனடாவில் மானிட்டோபா மாநிலத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மருமகன் எழுதியதைப் படித்தபோது இந்த மாநிலத்துப் பிள்ளை ஒருவனின் நினைவு வந்தது. அவன் பெயர் இங்கே சட்டக் கோட்பாடாகவே மாறிவிட்டது.

ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். நார்வே ஹவுஸ் கிரீ இனத்துக் குழந்தை. 1999இல் பல உடல் சிக்கல்களோடு பிறந்தான். ஊரில் அவனுக்குத் தேவையான கவனிப்பு கிடைக்காததால் வின்னிப்பெக் மருத்துவமனையிலேயே இருந்தான். இரண்டு வயதில், இனி அவன் ஒரு வீட்டில் வளரலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டுக் கவனிப்புக்கான பணத்தை மத்திய அரசு தருவதா, மாநில அரசு தருவதா என்ற வாக்குவாதம் முடியவே இல்லை. பூர்வகுடி அல்லாத பிள்ளையாக இருந்தால் மாநிலம் கொடுத்திருக்கும். வாக்குவாதம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 2005இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட ஒரு வீட்டில் வாழாமலே அந்தப் பிள்ளை மருத்துவமனையில் இறந்தான்.

2007 டிசம்பரில் நாடாளுமன்றம் "ஜோர்டன் கோட்பாடு" என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பிள்ளைக்குத் தேவையானதை முதலில் எந்த அரசு கேட்கப்பட்டதோ அது கொடுத்துவிட வேண்டும், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்மானம் வந்தும் நடைமுறை அசையவில்லை. பூர்வகுடி அமைப்புகளும் சிண்டி பிளாக்ஸ்டாக் என்ற பூர்வகுடிச் சமூகப் பணியாளரும் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில் கனடா மனித உரிமை நடுவர் மன்றம் அரசு பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலி, பள்ளியில் உதவியாளர் என்று குடும்பங்களுக்குப் பணம் வரத் தொடங்கியது. இன்றும் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கின்றன, சண்டை ஓயவில்லை.

நான் வேலை செய்யும் இடத்தில் கிரீ, ஓஜிப்வே தாய்மார்கள் சிலரைத் தெரியும். அவர்கள் சொல்வதும் லெகாப் பாட்டி சொல்வதும் ஒன்றே. பிள்ளைக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றால் பிள்ளையை ஊரை விட்டு, சில நேரம் குடும்பத்தை விட்டே அனுப்ப வேண்டியிருக்கிறது. ஜோர்டனின் பெற்றோரும் அவனுக்குச் சிகிச்சை கிடைப்பதற்காக அவனை அரசின் பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த நாடு இது. அந்தப் பள்ளிகளில் கடைசி மூடப்பட்டதே 1990களில்தான். அந்தத் தாய்மார்களின் அம்மாக்கள் அதில் படித்தவர்கள். "படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்றால் அவர்கள் கை நடுங்குவதற்குக் காரணம் உண்டு.

---

சிறப்புக்கல்வி ஆசிரியை

சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பில் கற்பிக்கிறேன். கட்டை அடுக்குவதைப் பற்றி மருமகன் எழுதியதால் சில விவரங்கள்.

நம் அரசாங்க கிளினிக்குகளில் பிள்ளைக்கு 18 மாதமும் மூன்று வயதும் ஆகும்போது ஆட்டிசம் அறிகுறிகளுக்கான எம்-சாட் கேள்வித்தாளைத் தாயிடம் கேட்பார்கள். விரலால் சுட்டிக் காட்டுகிறதா, வெறும் கோப்பையில் குடிப்பதுபோலப் பாவனை செய்து விளையாடுகிறதா, கண்ணோடு கண் பார்க்கிறதா என்பன போன்ற கேள்விகள். நல்ல கருவிதான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் தாய்க்கு வீட்டு மொழி தெமியார், கேட்கிறவர் மலாயில் அவசரமாகக் கேட்கிறார் என்றால், தாய் புரியாமலும் கூச்சத்தாலும் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவிடுவார். நம் லயத்துப் பாட்டிமார்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்து, மொழி தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால், செம்பனைத் தோட்டம் சொன்ன இழந்த ஆண்டுகளில் பாதியை மீட்கலாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது. "பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, இனி வீட்டில் தமிழ் வேண்டாம், மலாய் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோருக்கு இன்னமும் ஆலோசனை சொல்கிறார்கள். தெமியார்ப் பெற்றோருக்கும் இதையே சொல்கிறார்கள். ஆட்டிசம் அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெட்டுப்போவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டிக்கு மலாய் சரளமாக வராது. அவர் பேரனோடு பேசுவதையே நிறுத்திக்கொள்வார். நாள் முழுக்க அவனோடு இருக்கிற ஒருவரின் வாயை அடைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சியால் என்ன சாதிக்கப்போகிறோம்?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் இருக்கிறது. எந்தச் சிறப்புப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் வந்தது. பி.டி.கே. திட்டத்தின் தொடக்கமே வீட்டிலிருந்துதான். 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட்டில் ஆரம்பித்தபோது, பயிற்சியைக் குடும்பத்திடமே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். கட்டடமும் மேசையும் பிறகு வந்தன. இப்போதும் விதிப்படி மையத்தில் நடத்துவது, வீட்டுக்குப் போய் நடத்துவது, இரண்டையும் கலந்து நடத்துவது என்று மூன்று முறைகள் உண்டு. ஆகவே லெகாப் பாட்டி கேட்பது சலுகை இல்லை. திட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான் கேட்கிறார்.

---

பெர்த் தமிழ்ச்செல்வி

மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து. ஆசிரியை எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. இங்கே வடக்கே கிம்பர்லி பகுதியில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூர். அங்குள்ள பூர்வகுடிப் பெண்கள் தங்கள் பிள்ளைகள் பலருக்குக் கற்றலிலும் நடத்தையிலும் சிக்கல் இருப்பதைத் தாங்களே கவனித்தார்கள். கருவுற்றிருக்கும்போது தாய் குடிப்பதால் பிள்ளைக்கு வரும் பாதிப்பு அது என்று சந்தேகப்பட்டார்கள். எவ்வளவு வெட்கமும் வலியும் உள்ள விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். 2007இல் ஊரில் கடும் மதுவை வாங்கி எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் போராடி வென்றார்கள். பிறகு ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் ஆகியோர் முன்னின்று மருத்துவ ஆய்வாளர்களை அழைத்து, எங்கள் பிள்ளைகளைப் பரிசோதியுங்கள் என்று கேட்டார்கள். லிலில்வான் திட்டம் என்று அதற்குப் பெயர். எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதில் ஊராரின் சம்மதம் முதலில். பரிசோதித்த பிள்ளைகளுக்கு உதவித் திட்டமும் கூடவே. குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் பங்கெடுத்தார்கள்.

வெளியிலிருந்து யாராவது போய் "உங்கள் குடியால்தான் பிள்ளைகள் இப்படி" என்று சொல்லியிருந்தால் ஒரு கதவு திறந்திருக்காது. இங்கே பல தலைமுறையாகப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அரசு பறித்துக்கொண்டுபோயிருக்கிறது. 1997இல் அதைப் பற்றி விசாரணை அறிக்கை வந்தது, 2008இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இருந்தும், "என் பிள்ளையைச் சமாளிக்க முடியவில்லை" என்று சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று தாய்மார்கள் இன்றும் பயப்படுகிறார்கள். உதவி கேட்பதே ஆபத்து என்று ஒரு தாய் நினைக்கும் நிலை எவ்வளவு கொடுமை.

---

செம்பனைத் தோட்டம்

தமிழ்ச்செல்வி அக்கா எழுதியது என்னை நிறைய யோசிக்க வைத்தது. சம்சு குடித்து அழிந்த லயங்களைப் பார்த்தவர்கள் நாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பாதிப்பு இருந்திருக்கும் என்று யாராவது கேட்டோமா? "மக்கு" என்று சொல்லிப் பின்வரிசையில் உட்காரவைத்தோம்.

என் நிலைப்பாட்டில் ஒன்றை மட்டும் விடமாட்டேன். பயிற்சியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் காது கேட்கும் கருவியும் இதயப் பரிசோதனையும் வீட்டுக்கு வராது. அதற்கு ஈப்போவுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த நாளுக்கு வண்டிச் செலவையும் உடன் வரும் பாட்டியின் சாப்பாட்டையும் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைத் தீர்க்காமல் பேசினால் பேச்சோடு நின்றுவிடும்.

---

ஆயாக்கொட்டகைப் பேத்தி

என் பாட்டி தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நடக்காத பிள்ளை, பேசாத பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை எல்லாரும் ஒரே ஏணையிலும் ஒரே பாயிலும்தான். மருத்துவப் பெயர் எதுவும் பாட்டிக்குத் தெரியாது. யாருக்கு எப்படி ஊட்ட வேண்டும், யார் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்பது தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லாரும் டவுனில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த பிறகு, அதே பிள்ளைகள் நான்கு சுவருக்குள் பூட்டப்பட்டார்கள். எங்கள் மாடியிலேயே அப்படி ஒருவர் இருந்தார், வளர்ந்த ஆண், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார். அவர் அம்மா வேலைக்குப் போக வேறு வழியில்லை.

மருமகன் சொன்ன கம்போங்கில் இன்னும் பெரிய பெண்பிள்ளைகள் அந்தப் பையனைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், அதைக் குலைக்காமல் உதவி செய்ய வேண்டும். நாம் இழந்தது அது. அதைக் குலைத்த பிறகு எந்த இலாகாவாலும் கட்டித் தர முடியாது.

---

பிளஸாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. நான் இந்த வாரம் மையத்துப் பயிற்சியாளர் ஒருவரிடம் பேசினேன். வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தரும் முறை விதியில் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. வண்டியும் ஆளும் இல்லை என்கிறார். வண்டியை நாம் ஏற்பாடு செய்தால் மாதம் ஒருமுறை வர ஒப்புக்கொண்டார். என் தம்பியிடம் ஹைலக்ஸ் இருக்கிறது, பெட்ரோலுக்கு நாம் சிலர் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். ஈப்போ மருத்துவமனை நாளுக்கும் அதே வண்டி.

மருமகன் தம்பி, அந்தத் தாயின் கம்போங் உங்கள் மனைவிக்குத் தெரியும் என்று தனிமடலில் சொன்னீர்கள். நாங்கள் எப்படி வர வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள்.

---

லெகாப் மருமகன்

அக்கா, மனைவி சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல் முறை பயிற்சியாளரை அழைத்து வர வேண்டாம். நீங்களும் உங்கள் மகனும் மட்டும் வாருங்கள், அந்தத் தாய் உங்களை மையத்தில் பார்த்திருக்கிறார். பாத்தினிடம் (கம்போங் தலைவரிடம்) முன்கூட்டி நான் சொல்லிவைக்கிறேன். டுரியான், பெத்தாய் விழும் காலத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், வருட இறுதி மழையில் சாலை இருக்காது. ஆகவே இந்த மாதமே நல்லது. கைப்பேசியில் படம் எடுத்து முகநூலில் போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அரிசி மூட்டை கொடுத்துக் கைகுலுக்கிப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

சிறுமியின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அப்பாவின் அடையாள அட்டை ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது. அதனால் மாற்றுத் திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்காமலே கிடக்கிறது. பதிவு இலாகாவில் போய் நிற்க அவருக்குக் கூச்சம். யாராவது உடன் போக முடியுமா?

---

ஓய்வுபெற்ற டிரெசர்

நான் போகிறேன். பதிவு இலாகா காலை எட்டு மணிக்குத் திறக்கும், ஏழரைக்கே வாசலில் இருப்பேன். முந்தின நாள் அவர் டவுனில் தங்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் அறை காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு வரச் சொல். டாக்டர் நிரப்ப வேண்டிய படிவத்தையும் சமூக நல இலாகாவிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறேன். சிறுமியின் இதயப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுது, தம்பி. கிளினிக் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்.